பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு

ஹன்ட்ஸ்வில் நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில்
எனக்கு ஜன்னல் இல்லை, ஸ்கேனர் இருக்கிறது.
அதன் பச்சை வெளிச்சம் ஒரு தாளைக் கடக்க
நான்கு விநாடி.
ஐம்பத்தெட்டு வருட வழக்கொன்றைப்
பதினேழு பெட்டிகளிலிருந்து எடுத்து
நான்கு நான்கு விநாடியாய் உள்ளே அனுப்புகிறேன்.
வெள்ளிக்கிழமை நீதிபதி அதை முடித்துவைக்கிறார்.
உத்தரவு நிறைவேறிவிட்டதாம்.
இனி மேற்பார்வை தேவையில்லையாம்.

அந்த 'ஆம்' என்னுடையது.
ஆங்கிலத் தாளில் அது இல்லை.
ஒரு விகுதியை வைத்தே நம்பாமலிருக்க
எனக்கு ஒரு மொழி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆறாவது பெட்டியில் ஒரு வரைபடம்.
கையால் வரைந்தது. மடிப்பு கிழிந்த இடங்களில் துணி ஒட்டியது.
சிவப்புப் பென்சில் கோடு ஒரு வீட்டில் புறப்பட்டு
முதல் பள்ளியின் வாசலை உரசிப் போகிறது,
இரண்டாவதின் வேலியோரம் வளைகிறது,
பதினோரு மைல் தள்ளி
தகரம் பெயர்ந்த மூன்றாவதில் போய் நிற்கிறது.
ஓரத்தில் பெயர்: வெர்லீன் டாலிவர், வயது ஒன்பது.
கோட்டின் மேல் காப்பிக் கறை.
வக்கீலுடையதாக இருக்கலாம்,
நீதிபதியுடையதாகவும்.

படிப்படியாக, என்றது முதல் தீர்ப்பு.
உரிய காலத்தில், என்றது இரண்டாவது.
உடனே, என்று மூன்றாவது சொன்னபோது
வெர்லீனுக்குப் பன்னிரண்டு.
அவள் போய் உட்கார்ந்த வகுப்பில்
நாற்காலிகள்தான் மிச்சம்.
மற்ற பிள்ளைகள் எல்லாம்
சர்ச்சுக்குப் பின்னால் ஒரே கோடையில் முளைத்த
தனியார் பள்ளிக்குப் போயிருந்தார்கள்.
பந்தியில் ஒருத்தி வந்து உட்கார
வரிசையே இலையை மூடிவிட்டு எழுந்துபோவது.
இதை மட்டும்
நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

நேற்று அவரே கவுன்ட்டருக்கு வந்தார்.
முழங்காலில் பட்டை, கையில் சில்லறைப் பை.
அம்மாவின் சாட்சியம் மட்டும் போதும் என்றார்,
பக்க எண் மனப்பாடமாயிருந்தது.
பக்கத்துக்கு ஐம்பது சென்ட் என்றேன்.
சும்மா கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.
இரண்டு குவார்ட்டரை மேசையில் தள்ளிவிட்டு
ரசீது கேட்டார்.
நின்றபடியே படித்தார்.

கேள்வி: அந்தப் பள்ளியில்
உங்கள் மகளுக்கு அப்படி என்ன கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்?
பதில்: தூக்கம், ஐயா.
பக்கத்துப் பள்ளி என்றால்
ஏழு மணிக்கு எழுந்தால் போதும்.

"என்னை எழுப்புவதற்குள் அம்மாவுக்குப் பாதி உயிர் போய்விடும்"
என்று வெர்லீன் சிரித்தார்.
தாளை நான்காக மடிக்கப் போனவர்
மடிக்காமல், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு
லிஃப்ட் வரும்வரை நின்றார்.

ராத்திரி இளமாறன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான்.
அதிலும் வரைபடம்.
ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மார்க்,
பச்சையில் ஒன்பது, சிவப்பில் மூன்று.
"நம்ம ஆளுங்க எல்லாம் இந்தப் பக்கம்தான் வாங்கறாங்க.
கோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் போயிடக் கூடாது."
அந்தப் பக்கத்தில்தான் இப்போது இருக்கிறோம்.
எங்கள் அபார்ட்மென்ட்டிலிருந்து மூன்று நிமிட நடையில்
ஒரு மூன்று இருக்கிறது;
அதன் மணி அடித்துத்தான் தினமும்
எனக்கு வேலைக்கு நேரமாவது தெரியும்.

விரலை வைத்து இழுத்துப் பார்த்தேன்.
முதல் பள்ளியைத் தாண்டி,
இரண்டாவதைத் தாண்டி,
புது வீடு.
பதினோரு மைல் இல்லை, ஒன்பதரை.
பென்சில் தேவைப்படவில்லை.
யாரும் உத்தரவு போடவில்லை.
எதிர்த்து மேல்முறையீடு செய்யவும்
யாரும் இல்லை.

"அங்க யாரு படிக்கறா?" என்று கேட்டேன்.
"ஏன், நல்ல பசங்கதான்" என்றான்,
கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.
நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டுமாம்.

இந்த 'ஆம்' அவனுடையது.
நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.
ஹாலில் எத்தனை ஜன்னல்
என்று கேட்டேன்.