பொய் நோயாளி

துஸ்லாவில் தரை மெல்ல மெல்ல இறங்கும்.
அடியில் கிடந்த உப்பை
நூறு வருடமாக உறிஞ்சி விற்றுவிட்டார்கள்.
எங்கள் துறைக் கட்டடத்தின் படிக்கட்டு
இடப்பக்கம் இரண்டு விரல் தாழ்வு.
முதலாண்டில் தடுக்கி விழுந்தேன்.
இப்போது கால் தானாகச் சரிசெய்துகொள்கிறது.

மருத்துவ உளவியல், செய்முறைத் தேர்வு.
இரண்டு நாற்காலிகள்,
நேருக்கு நேர் அல்ல, சற்றே சாய்த்து.
ஒரு டிஷ்யூ பெட்டி.
அதை நீ எடுத்து நீட்டக்கூடாது;
நீட்டினால்
அழுதது போதும் என்று பொருளாம்.
இதற்கே தனியாக அரைமணி நேரம் பாடம் நடந்தது.

இன்று நான் ஆலோசகர்.
யாசென்கோ நோயாளி.
அவன் கையில் ஒரு சீட்டு:
வயது ஐம்பத்தொன்று. வேலை போய்விட்டது.
தூக்கமில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
ஒருவழிக் கண்ணாடிக்கு அப்பால்
பேராசிரியர் ஹிக்மேதாவும்
குறிப்பேடுகளோடு பதினோரு பேரும்.

நடிக்கத் தெரியாதவன்.
பத்து நிமிடம் சீட்டை ஒப்பித்தான்.
நான் ம் கொட்டினேன்.
அவன் கடைசிச் சொல்லை எடுத்து
மீதிச் சில்லறைபோல
அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு சொன்னான்:
"காலையில் வேலைக்குப் போகிற மாதிரியே
காலணி மாட்டுகிறார்.
உப்பேரிக் கரையில்
மூன்று மணிவரை உட்கார்ந்துவிட்டு வருகிறார்."

மாட்டுகிறேன் இல்லை.
மாட்டுகிறார்.

ஒரு விகுதி வழியே
யாரோ உள்ளே வந்து
எங்கள் இருவருக்கும் நடுவே நின்றார்.

நிறுத்தவா? சீட்டுக்குத் திருப்பவா?
நான்கு வருடப் புத்தகங்களில்
அந்தப் பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.
சும்மா இருந்தேன்.
வெகுநேரம் கழித்துக் கேட்டேன்:
"எந்த மாதிரிக் காலணி?"
"பழுப்பு. நாற்பத்து மூன்று.
எனக்கும் அதே அளவுதான்."

மணி அடித்தது.
மௌனம் நன்று, கேள்வி விசித்திரம், எட்டு மதிப்பெண்
என்று எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டு
ஹிக்மேதா அவனை மட்டும் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.
யாரும் குறிப்பெடுக்கவில்லை.

நடைவழிப் பலகையில் வேலைவாய்ப்புகள்.
ஜெர்மனியில் முதியோர் இல்லத்துக்கு ஆள் தேவை;
பட்டம் எதுவானாலும் சரி, ஜெர்மன் முக்கியம்.
போன வருடத்துச் செல்வெதின்
காப்பீட்டு நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கிறான்;
கோபக்காரர்களை எல்லாம் அவனுக்கே திருப்பிவிடுகிறார்களாம்.
மெலிஹா மனநல மையத்தில் இரண்டாம் வருடமாகச் சம்பளமில்லாமல்;
இருக்கிற ஒரே உளவியலாளர்
ஓய்வு பெற இன்னும் ஒன்பது வருடம்.
ஜெயித்தவள் என்றால் வஹிதாதான்.
சோபா தொழிற்சாலை, பணியாளர் பிரிவு,
தனி மேசை.
இலையுதிர்காலம் முழுக்க அந்த மேசையில்
நூற்றிப் பன்னிரண்டு பேருக்கு
வேலைநீக்கக் கடிதம் கொடுத்தாள்.
டிஷ்யூ பெட்டி வைத்திருந்தாளாம்.
நீட்டவில்லையாம்.

யாசென்கோவின் அப்பா எங்கே வேலை பார்த்தார் என்று
எனக்குத் தெரியாது.
கேட்கப்போவதுமில்லை.

அவன் வெளியே வந்தான், கண்ணோரம் சிவந்து.
"எப்படி நடித்தேன்?"
"படுமோசம்."
சிரித்தான்.
இறங்கும்போது, என்றுமில்லாமல்,
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

என் வீட்டுக்கு ஏரிக்கரையோரம்தான் வழி.
மணி பார்த்தேன்:
மூன்றாக இன்னும் பத்து நிமிடம்.

சந்தைத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன்,
மழையில்,
குடை இல்லாமல்.