எப்படித் தெரியும்?

ஏதாவது ஒரு விலங்கு, என்றேன்.
இருபத்துமூன்று பேரில் பதினான்கு பேருக்கு யானை.
"ஆனெ எழுதலாமா டீச்சர்?"
எழுதலாம். நேற்றிரவும் பட்டாசுச் சத்தத்தில்
அஞ்செட்டிச் சரிவு தூங்கவில்லை.
இரண்டு பேர் டைனோசர்.
திம்மராஜ் வீட்டுக் கிடாவை எடுத்துக்கொண்டான்,
திருவிழாவுக்குள் முடித்தாக வேண்டும் என்றான்.
கடைசியாக எழுந்து ருத்ரம்மா
குழியானை என்றாள்.
வகுப்பு சிரித்தது.
பேரிலேயே யானை இருக்கிறதே என்று
உட்காராமல் வாதாடினாள்.

பெயர், இடம், உணவு, எதிரி
என்று பலகையில் கட்டம் போட்டேன்.
மணி அடிக்கும் முன் ஓரத்தில் இன்னொன்று,
எதற்கென்று எனக்கே அப்போது தெரியாமல்:
எப்படித் தெரியும்?

அந்தக் கட்டம்தான் எல்லோரையும் படுத்தியது.
யானை என்ன தின்னும்? கரும்பு.
எப்படித் தெரியும்? புத்தகத்துல படம்.
உங்கள் கொல்லையில் கரும்பா போட்டிருக்கிறீர்கள்?
கெம்பராஜ் ரப்பரைத் தேடி எடுத்தான்.
எங்க ராகி, என்று எழுதினான்.
எப்படித் தெரியும்: காலைல இல்ல.

திம்மராஜ், எதிரி கட்டத்தில்
மாமா பேரை எழுதியிருந்தான்.
டைனோசர்காரர்கள் எதற்கும் எலும்பு என்றார்கள்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மாதேஷும் கூட்டாளிகளும் நூல்கண்டோடு போய்
ஓடைச் சேற்றில் முன்னங்கால் தடத்தைச்
சுற்றி அளந்து வந்தார்கள்.
அதுபோல் இரண்டு மடங்கு யானையின் உயரம்
என்று எங்கோ படித்ததைச் சொன்னேன்.
"எப்படித் தெரியும் டீச்சர்?"
யார் போய் நிற்கவைத்து அளப்பது.
நூலைச் சுவரில் பிடித்தோம், ஒருமுறை, அதன்மேல் மறுமுறை.
பலகையைத் தாண்டி
ஆணியில் நின்றுபோன கடிகாரத்தைத் தாண்டிப் போனது.
பெஞ்சில் ஏறிய மாதேஷ் இறங்க மறந்துவிட்டான்.
ஜன்னலோரம் இருந்தவள்
சத்தமில்லாமல் இடம் மாறி உட்கார்ந்தாள்.

ருத்ரம்மாவின் யானை ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது.
மூன்று விரற்கடை புழுதி, மூடியில் ஆணி ஓட்டை,
நாளுக்கு ஓர் எறும்பு.
பின்பக்கமாவே நடக்குது: விரல் வச்சுப் பாத்தேன்.
ஏறி ஓடுற எறும்பு மேல மண் வாரி அடிக்குது: பாத்தேன், ஆறு தடவ.
அதுக்கு என்னைத் தெரியுமா: தெரியாது.
தெரியாதுக்கு மார்க் உண்டா என்று கேட்டாள்.
உண்டு என்றேன்.
மதியத்துக்குள் பாதி வகுப்புக்கு
எதுவுமே தெரியாமல் போய்விட்டது.

ஒருநாள் குழி தூர்ந்திருந்தது.
கிளறினால் பட்டாணி அளவு மண் உருண்டை,
வேறொன்றும் இல்லை.
செத்துப்போச்சு, என்று எழுதினாள்.
எப்படித் தெரியும்: அசையல.
நானும் பாட்டிலை ஆட்டிப் பார்த்தேன். ஆமாம் என்றேன்.
கீழே கையெழுத்துப் போட்டேன், சிவப்பில்.

தேன்கனிக்கோட்டைக் கண்காட்சிக்கு
டைனோசர்கள் போயின.
தெர்மோகோலில் நன்றாகத்தான் இருந்தன.
பாட்டில் அலமாரி மேல், சாக்பீஸ் பெட்டிக்குப் பின்னால்
மறந்து கிடந்தது ஒரு மாதம்.

திங்கட்கிழமை உள்ளே ஏதோ படபடத்தது.
தட்டான் மாதிரி, தட்டான் இல்லை.
தலையில் நுனி தடித்த இரண்டு கொம்பு,
உடம்பைவிட நீளமாய் நான்கு கண்ணாடி இறக்கை.
மூடி மூடியபடியே இருந்தது.
உருண்டையில்தான் ஓர் ஓட்டை.
எனக்கு இது தெரியாது.
நாற்பது வயதில், பி.எட். முடித்து, சத்தியமாகத் தெரியாது.

ருத்ரம்மா ரப்பரை எடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டேன்.
அழிக்காதே. குறுக்கே ஒரே கோடு,
அடியில் இருப்பதைப் படிக்க முடிய வேண்டும்.
ஸ்கேல் வைத்து, நாக்கைக் கடித்து,
செத்துப்போச்சின் மேல் கோடு போட்டாள்.
பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி
சிவப்புக் கையெழுத்தின் மேல் விரல் வைத்தாள்.
ஸ்கேலையும் நீட்டினாள்.

மூடியைத் திறந்தோம்.
எந்தப் பக்கம் பறந்தது என்று
மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள்.
எப்படித் தெரியும்:
பாத்தேன். பாத்தேன். பாத்தேன்.