டாக்டர் ஐந்து மணிக்குத்தான் வருவார்

கம்பவுண்டர் இதைச் சொன்னபோது மணி பதினொன்றே கால்.
அதுவரை என்ன செய்ய
இந்த ஒடுகத்தூரில்?

மாதிரி மாத்திரைகள் அடைத்த தோல்பையோடு
பஸ் நிலையத்தைச் சுற்றினேன், நான்கு நிமிடம் ஆயிற்று.
இரண்டாம் சுற்றுக்கு மூன்றரை.

ஒன்பது வருடமாக மாதம் ஒருமுறை வருகிறேன்,
வந்த பஸ்ஸிலேயே திரும்புகிறவன்.
இன்றுதான் அண்ணாந்தேன்.

எந்தத் தெருவில் நுழைந்தாலும் முடிவில் மலை நிற்கிறது.
ரேஷன் வரிசையின் கடைசி ஆளுக்கு அடுத்து அதுதான்.
சலூன் கண்ணாடிக்குள்ளும்
பாதி சவரம் செய்த ஒரு முகத்தின் பின்னால்
நீலமாக, அவசரமில்லாமல்.

யாரும் இதைப் பார்க்க வருவதில்லை.
ஏலகிரிக்குப் போகிற கார்கள்
வேறு சாலையில் போய்விடுகின்றன.

வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை உண்டு.
இன்று செவ்வாய்.
திடல் முழுக்கப் புழுக்கை, நடுவில்
யாரோ அவிழ்த்துப் போட்ட ஒரு கயிறு.

உத்திரகாவிரியில் இறங்கினேன், நனையாமல் ஏறினேன்.
மரமில்லா மலை, நீரில்லா ஆறு என்று
எங்கள் ஜில்லாவைக் கேலி பேசுவார்கள்.
வெளியூரில் நானும் பேசியிருக்கிறேன்,
காட்பாடிக்காரன் என்பதைக் காட்டிக்கொள்ளாமல்.
மணலில் தோண்டியிருந்த ஊற்றுக்குழிக்குள்
ஒரு சொம்பளவு வானம் கிடந்தது.

மூன்றரை மணி வெயிலில்
மலைக்குத் திரும்பும் விலக்கில் அந்தப் பலகை:
சியாச்சின் ஐஸ் கம்பெனி.
உரிமையாளர் கோ. முனிரத்தினம், ஹவில்தார் (ஓய்வு).

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.
"எல்லாரும் சிரிக்கறாங்க சார். உள்ள வாங்க, சில்லுனு கீது."
இடது செருப்பில் இரண்டு விரலுக்கான இடம்
காலியாக இருந்தது.

"மேல மூணு மாசம் இருந்தேன்.
ஆரஞ்சுப் பழத்த சுத்தியால ஒடச்சித் தின்னோம்.
சுத்தி எங்கப் பார்த்தாலும் ஐஸு,
குடிக்கச் சொட்டுத் தண்ணி கெடையாது.
ஸ்டவ்ல வச்சி உருக்கணும்.
இங்க வந்து தண்ணிய ஐஸாக்கினு கீறேன்.
பொழப்பப் பாருங்க."

மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.
தகர அச்சுகளுக்குள்
உப்புநீரில் கழுத்தளவு முங்கி
வெள்ளையாகிக்கொண்டிருந்தது ஊர்க் கிணற்றுத் தண்ணீர்.

நாலரைக்கு ஒரு ஜீப் வந்தது, பீஞ்சமந்தையிலிருந்து.
இறங்கிய பெண் எதையும் சுற்றி வளைக்கவில்லை.
மாமனார் காலையில் போய்விட்டார்.
புருஷன் குடகில், காப்பித் தோட்டத்தில்.
வந்து சேர நாளைப் பகல் ஆகும்.

முனிரத்தினம் எழுந்தார்.
உமி மூட்டையை அவிழ்த்து ஜீப்பில் பரப்பினார்.
நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.
எட்டுப் பாளம். கையில் ஒட்டிக்கொண்டு
தோலைக் கேட்டது ஒவ்வொன்றும்.
மேலே சாக்குகளைப் போர்த்தினோம்,
தூங்குகிறவரை எழுப்பாமல் போர்த்துவதுபோல.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணத் தொடங்க,
"அஞ்சுக்குக் குடு போதும்.
மூணு வழியிலயே போயிடும்.
கரையறதுக்கு நான் காசு வாங்கறதில்ல."

ஜீப் ஏறத் தொடங்கியது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.
பிறகு என்னிடம் சொன்னாரா
மோட்டாரிடம் சொன்னாரா தெரியவில்லை:
"எங்க செட்டுல குர்பச்சன்னு ஒருத்தன்.
ஹெலிகாப்டர் வர ஒம்போது நாளாச்சி.
அங்க ஐஸ் வாங்க வேண்டிய செலவு இல்ல."

அவ்வளவுதான். அச்சுக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

வண்டி போன தடத்தில்
புழுதியை நனைத்துக்கொண்டு ஒரு கோடு
மலையை நோக்கிப் போயிருந்தது.
முதல் வளைவுவரை அதன்மேலேயே நடந்தேன்.
இந்த ஊரில் இன்று நான் பார்த்த ஒரே ஆறு,
மேல்நோக்கிப் போனது.

டாக்டர் ஐந்தேகாலுக்கு வந்தார்.
கை குலுக்கியவர் சட்டென்று இழுத்துக்கொண்டார்.
"என்னய்யா, இந்த வெயிலில் இப்படிச் சில்லிட்டிருக்கிறது?"

ஊரைச் சுற்றிப் பார்த்தேன் என்றேன்.

"இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்றபடி
புது இருமல் மருந்தின் விலையைக் கேட்டார்.