பேச்சிராக்

மேலூர் தாலுகாவில் என் பொறுப்பில் மூன்று கிராமம்.
இரண்டில் ஆள் உண்டு, வரப்புச் சண்டை உண்டு, பட்டா மாறுதல் உண்டு.
மூன்றாவதுக்கு எதிரே
எனக்கு முன்னிருந்தவரும் அவருக்கு முன்னிருந்தவரும்
எழுதி வைத்தது ஒரே சொல்: பேச்சிராக்.
பேச்சில்லாத ஊர் என்றே நினைத்திருந்தேன்.
விளக்கில்லாதது என்று பொருளாம், பாரசீகத்தில்.
ரெக்கார்டு ரூம் சிக்கந்தர் சொன்னார்.

ஆளில்லாவிட்டாலும் அடங்கல் எழுத வேண்டும்.
கண்மாய்க்கரையில் வண்டியைச் சாத்திவிட்டு இறங்கினேன்.
பயிர்: சீமைக்கருவேலம். பாசனம்: இல்லை.
காலடியில் ஓடுகள் நொறுங்கின.
ஒன்றின் விளிம்பில், ஈரத்தில் அழுத்திய கட்டைவிரல் பள்ளம்.
என் விரலை வைத்துப் பார்த்தேன்,
கொள்ளவில்லை.

முள்ளுக்குள் தவ்வை உட்கார்ந்திருக்கிறாள்.
பெருத்த வயிறு, மூக்கில்லை.
ஊர் கிளம்பும்போது
அவளை மட்டும் யாரும் கூப்பிடவில்லை போல.

மடையில் கிடக்கும் கல், கோயில் சுவரில் இருந்ததாம்.
போன தையில் கல்லூரிப் பிள்ளைகள் மாவு தடவிப் படித்தார்கள்.
அரிவாள் தீட்டித் தீட்டி
ஊர்ப்பெயரில் முன்பாதி போய்விட்டது.
மிச்சம்: நல்லூர்.
சாத்தன் நங்கை வைத்த நந்தா விளக்கு ஒன்று.
அதற்கு விட்ட சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு.
நாளும் உழக்கு நெய்.
சந்திராதித்தவல்.

சூரியன் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.
அந்த மட்டுக்கும் எழுதியவன் பொய் சொல்லவில்லை.

அப்போதுதான் கழுத்துமணி கேட்டது.
கமுதிப் பக்கத்துக் கீதாரி வழிவிட்டான்
கிடை மாற்றி வந்திருக்கிறார்.
குட்டியொன்று கல்லில் தாவி ஏறி
நங்கையின் பெயர்மேல் புழுக்கை போட்டது.
எத்தனை உருப்படி என்றேன்.
கேட்டிருக்கக் கூடாது.
எண்ணினால் குறையும் என்று
அவர் ஆட்டைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார்.
"கெடக்கு சார், நூத்துக்கு உள்ள."

ராத்திரி இங்கேயா?
"நரி இருக்கு. விடிய விடிய வெளிச்சம் போட்டுத்தான் வைக்கணும்."

அடங்கலில் அதற்குக் கட்டமில்லை.
கரையேறி வண்டியை உதைத்தபோது இருட்டிவிட்டது.
திரும்பிப் பார்த்தேன்,
முள்ளுக்கு நடுவே சிவப்பாய் ஒரு பொட்டு.
பீடியாகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து பேரேட்டை விரித்து
அந்தச் சொல்மேல் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்திருந்தேன்.
அடிக்க எனக்கு அதிகாரமில்லை.
தாசில்தார் கையெழுத்து வேண்டும்.