நான்கெல்லை

எட்டாம் கட்டத்தின் பத்திரம் என் மேசைக்கு வந்தது.
பினாங்குத் தீவுக்குத் தெற்கே
நாற்பத்தொரு சதுரக் கிலோமீட்டர்,
முப்பது வருடக் குத்தகை, காற்றாலைக்கு.

படிவம் நில அலுவலகத்துடையதுதான்.
கடலுக்கென்று வேறு அச்சடிக்கவில்லை.
மண் வகை கேட்கிறது.
நிற்கும் மரங்கள் எத்தனை என்கிறது.
'இல்லை' என்று எழுதினேன்,
நிற்கப்போகும் பதினெட்டுக் கம்பங்களை நினைத்தபடி.

வடக்கே: ஏழாம் கட்டம்.
கிழக்கே: கப்பல் பாதை.
மேற்கே: இன்னும் ஏலம் போகாத தண்ணீர்.
தெற்கே?

பள்ளியில் கல்வெட்டுப் பாடம் நடந்த அன்று
எனக்குப் பாதித் தூக்கம்.
மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் உட்பட
நீர் வார்த்துக் கொடுத்தோம்
என்பது மட்டும் எப்படியோ தங்கிவிட்டது.
நீரையே கொடுக்கும்போது
எதை வார்ப்பார்கள்?

தெலுக் கும்பார் மண்டபத்தில் ஆட்சேபக் கூட்டம்.
பிளாஸ்டிக் நாற்காலி, ஆறிய மைலோ.
கம்பெனிக்காரர் திரையில் நீலச் சதுரங்கள் காட்டினார்.
நண்டு வலை போடும் ஸம்ரி எழுந்தார்,
இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையோடு.
"ஏழில் இருக்கும் கெம்போங் மீன்
எட்டுக்குள் நீந்தினால் யாருடையது?"
சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
"சுமத்ராவில் கிளம்பி
விடியலில் என் படகைப் புரட்டும் காற்றுக்கு
அங்கே யார் வாடகை வாங்குவது?"
கம்பெனிக்காரர் பின்னிணைப்பைப் புரட்டினார்.
பின்வரிசை பூன் கியாட் டீசல் மானியம் பற்றிக் கேட்டார்.
அதற்கு மட்டும் பதில் இருந்தது.

நான் காற்றாலைக்கு எதிரி இல்லை.
என் தலைக்கு மேல் சுற்றும் விசிறிக்கு
எங்கோ நிலக்கரி எரிகிறது.
அந்த விசிறிதான் பத்திரத்தை ஓயாமல் புரட்டுகிறது.
மேலே ஸ்டேப்ளரை வைத்தேன்.

தெற்கே: கடல்.
மேலதிகாரி சாந்தரூபி சிவப்பு மையில் வட்டமிட்டு அனுப்பினார்:
நாலு பக்கமும் அதுதானே, ஒழுங்காக எழுது.
பேராக் மாநிலம் என்று திருத்தினேன்.
அங்கும் அதுதான்.

ஆறரைக்கு இரண்டாம் பாலம்.
வலப்பக்கமிருந்து வந்த காற்று
மோட்டார் சைக்கிளை ஒரு முழம் தள்ளிப் போட்டது.
பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துத் திட்டியது.
குத்தகை ஒன்றாம் தேதியிலிருந்து அமல்.
இன்று இருபத்தெட்டு.
ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டேன்.