இதரம்

வீட்டு விலை முப்பத்திரண்டு லட்சம்.
சீஆர் கொப்பியின் முதல் வரி அது.
எழுதும்போது என் கை நடுங்கவில்லை.
ஆறு வருசம் அறிவியல்நகர் காமென்ரில்
கொலர் தைத்த காசு,
வசீகரனின் உழவு மெசின் காசு,
மிச்சத்துக்கு லோன்.
மூன்று தரம் கூட்டினேன், சரியாக வந்தது.
அன்றிரவு நல்ல நித்திரை.

பிறகுதான் வீடு வாய் திறந்தது.

முத்திரைக் காசு ஒரு லட்சத்து இருபத்தேழாயிரம்.
நொத்தாரிசுக்கு நாற்பது.
தோம்பு தேட ஒருவர்,
அவர் பஸ்ஸில் போகமாட்டார்.
அளவையாளர் வந்து கல்லுப் போட்டார்,
பக்கத்து வேலி அரை முழம்
இந்தப் பக்கம் வந்திருக்கு என்று சொல்லிவிட்டுத்
தேத்தண்ணி குடித்தார்.
அரை முழத்துக்குக் கதியால் பதினேழு, ஆள்கூலி,
பக்கத்து வீட்டுக்காரரின் முகம்.
முகத்துக்குக் கொப்பியில் நிரல் இல்லை, விட்டுவிட்டேன்.

பெறுமதி பார்க்க வங்கி ஓர் ஆளை அனுப்பியது.
அனுப்பியது அவர்கள், காசு எங்களுடையது.
அவர் சுவரைத் தட்டினார், கூரையை அண்ணாந்து பார்த்தார்,
இருபத்தாறு என்று எழுதினார்.
லோன் அந்தக் கணக்குக்குத்தானாம்.
அன்று தாலிக்கொடியை நான் பார்க்கவில்லை.
கழுத்தில்தானே கிடந்தது.

கிணறு இறைக்க. மோட்டர் வயர். மீற்றரில் பெயர் மாற்ற.
கேத்திலின் அடியில் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு படிந்திருந்தது,
ஆகவே தண்ணி வடி, இருபத்தெட்டாயிரம்.
தீக்காப்புறுதி, வட்டக்கச்சியில், வாய்க்கால் கரையில்.
"வெள்ளத்துக்கு?" என்று கேட்டான் வசீகரன்.
வெள்ளத்துக்கு வேறு கட்டணமாம்.

ஒருநாள் நொத்தாரிசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
உறுதியில் ரெண்டு பேர்.
மங்களேஸ்வரியக்கா, அவவின் மனிசன் தவநேசன்.
அவர் எங்கே என்று
வட்டக்கச்சியில் ஒருவரும் கேட்பதில்லை.
"மரணச் சான்றிதழ் இருந்தா
மிச்சத்தை நான் பாப்பன்.
இல்லாட்டி இழுபடும்."

இழுபட்டால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
வாடகை மாதம் பன்னிரண்டாயிரம்.
முப்பதாந் திகதிக்குப் பிறகு வட்டி ஏறுமென்று கடிதம்.
பெருக்கினேன்.
பெருக்கிக்கொண்டிருக்கையில்
இந்த மாதத்துக்குள் அந்த மனிசன்
செத்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன்.
பேனையை மூடினேன்.
திரும்பத் திறந்தும் விட்டேன்.

நட்டஈட்டுக்குக்கூட எடுக்காத அந்தத் துண்டை
அவ ஒரு செவ்வாய்க்கிழமை கேட்கப் போனா.
மூன்றாம் தரம் போனபோது கிடைத்தது.
மூன்று தரமும் ஓட்டோக் காசு நான்.
பிரதிக்கு நூற்றியிருபது,
"இதை நீர் கட்டக்கூடாது" என்று
கைப்பையின் அடியிலிருந்து
சில்லறையாய் எண்ணி வைத்தா.

திறப்பைத் தந்த அன்று
குசினி அலுமாரிக்குள் உப்பு இருக்கு, பாவியுங்கோ என்றா.
ஒழுங்கை வரை போனவ திரும்பி வந்தா.
"கேற்றின்ரை நிறத்தை மட்டும் மாத்தாதேங்கோ."
வசீகரன் ஏற்கெனவே மண்ணிறத்தில் ஒரு ரின்
மலிவு விலையில் வாங்கி வைத்திருந்தான்,
கடை திருப்பி எடுக்காது.

அந்தப் பச்சை இப்போது வருவதில்லையாம்.
கறலோடு ஒரு பொருக்கைச் சுரண்டிக்
கடதாசியில் மடித்துப் பரந்தன் சந்திக்குக் கொண்டுபோனேன்.
கடைக்காரர் வெயிலில் பிடித்துப் பார்த்தார்,
கலந்தார், இல்லை என்றார், திரும்பக் கலந்தார்.
கலக்கிற கூலி எண்ணூறு வேறயாக என்றார்.
மீன்காரனிடம் பத்து ரூபாய்க்கு நின்று பேசுகிறவள் நான்.
பேசவில்லை.

இதரம்: எண்ணூறு.

மண்ணிறத்தைக் கக்கூஸ் கதவுக்குப் பூசினோம்.
அரை ரின் மிஞ்சிக் கிடக்கிறது.