ஒவ்வொரு மாடியிலும்

செவ்வாய்க்கிழமை கால்விரல்களில் எறும்பு ஊர்ந்தது.
பிள்ளையை மடியில் போட்டு ஆட்டியதில்
மரத்துப்போயிருக்கும் என்றேன்.
வியாழன், மேம்பாலத்தின் பாதிப்படியில் நின்றுவிட்டேன்,
பின்னால் வந்தவர் விலகி ஏறிப்போனார்.
வெள்ளி இரவு, பிள்ளையின் சட்டைப் பொத்தான்
என் விரல்களுக்குள் நிற்க மறுத்தது.
சனிக்கிழமை
மூச்சை ஒரு பெட்டி விட்டது.

நோய்க்கு வெளிநாட்டுக்காரர் இருவரின் பெயர்.
கபிலன் அதைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டான்.
எழுதித் தரச்சொல்லி
எல்லாரும் அவனையே கேட்டார்கள்.

கை இல்லை. கால் இல்லை.
இமைகளை இரவில் நாடா ஒட்டி மூடினார்கள்.
பால் மட்டும்,
வீடு பூட்டியிருப்பது தெரியாத விருந்தாளி போல,
மூன்று மணிக்கொரு தரம் வந்து நின்றது.
தொண்டையில் குழாய்.
நெஞ்சு கல்லாகக் கனக்கிறது என்று
யாரிடம், எதைக்கொண்டு சொல்ல?
கண்டுபிடித்தவள் இரவுத் தாதி மாரிசெல்.
நனைந்த துணியைப் பார்த்து
"அய்யோ மம்மி" என்றாள்.
(இலோய்லோவில் அவளுக்கு நான்கு வயதில் ஒருவன்.)
கறந்ததைக் கொடுக்க முடியாது, மருந்து இருக்கும்.
ஊற்றுவதற்கு முன்
விளக்குக்கு நேரே புட்டியைத் தூக்கிக் காட்டினாள்:
அறுபது மில்லி.
அந்த மாதம் நான் செய்த ஒரே வேலை.

ஏழாவது வாரம் ஆதினியைக் கொண்டுவந்தார்கள்.
முகம் இன்னும் பூட்டியிருந்தது.
உள்ளே நான் சிரித்தேன்,
சத்தியமாகச் சிரித்தேன்.
அவள் பார்த்தாள், நெடுநேரம்,
பிறகு பணிப்பெண் சீத்தியின் தோளுக்குள் போய்விட்டாள்.
"தூக்கக் கலக்கம்" என்றான் கபிலன்.
பொய் சொல்லவே வராது அவனுக்கு.

இயன்மருத்துவர் அஸ்ஹார்
பிசைமண்ணுக்குள் பத்துக்காசுகளைப் புதைத்து
தோண்டி எடுக்கச் சொல்வார்.
முதல் நாள் முப்பது காசு.
வார இறுதியில் எண்பது.
"சம்பள உயர்வு!"
அன்றைக்கு உதட்டின் வலது ஓரம்
ஒரு நூலளவு ஏறியதாக அவர் சொன்னார்.
நான் நம்பவில்லை.

பல் முளைத்தது, தவழ்ந்தது, எழுந்து நின்றது
எல்லாம் கைப்பேசியில்.
வீடு திரும்பிய மறுநாள்
அவள் முதல்முறையாக "மா" என்றாள்,
சீத்தியைப் பார்த்து.
சீத்தி பதறி என் பக்கம் கைகாட்டினாள்,
"அம்மா அங்கே, அம்மா அங்கே."
காலில் விழுந்து நன்றி சொல்லவேண்டியவளை
அறையவேண்டும் போல் இருந்தது.
கை தோளுக்கு மேல் ஏறவில்லை.
அதுவும் நல்லதற்குத்தான்.

இன்று சீத்தி சந்தைக்குப் போயிருந்தாள்.
ஊன்றுகோலைக் கதவோரம் விட்டு
கடிதப்பெட்டி வரை போய்வந்துவிடலாம் என்று
நானும் ஆதினியும் இறங்கினோம்.
ஈசூன், பன்னிரண்டாம் மாடி.
திரும்பும்போது மின்தூக்கியில்
சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று,
எனக்கென்று,
தாழ்வாக வைத்திருந்த பொத்தான்கள்
அவள் உயரத்துக்குச் சரியாக இருந்தன.
அத்தனையையும் அழுத்தினாள்.
எல்லாம் சிவப்பாக எரிந்தன.

இரண்டு. திறந்தது. மூடியது.
மூன்று.
நான்கில் ஊதுபத்தி வாசம்.
ஆறில் யாரோ பிலாச்சான் வறுத்தார்கள், தும்மினோம்.
எட்டில் சைக்கிளோடு நின்ற தாத்தா
எரியும் எண்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
"அடுத்ததில் வருகிறேன்" என்பதுபோல் தலையாட்டினார்.
கைப்பிடிக் கம்பியில் என் வலது கை.
இடது கையில் அவளுடைய மூன்று விரல்கள்.
நாற்காலி இல்லாமல் இவ்வளவு நேரம்
நான் நின்றதே இல்லை.
கதவு திறக்கும்போதெல்லாம்
அவள் அந்த மாடிக்குக் கையசைத்தாள்,
நிமிர்ந்து என் பாதிச் சிரிப்பைப் பார்த்தாள்,
தன் வாயையும் அதேபோல்
ஒருபக்கமாகக் கோணினாள்.

பதினொன்று.
யாரும் இல்லை.
கையசைத்தாள்.
முழங்கால் தந்தியடித்தது.
கதவு மூட நேரமெடுத்துக்கொண்டது.